வரையாடும் சிவப்புத் தவளையும்: ஒரே மலையின் இரண்டு உயிர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணாறுக்கு வரும் பள்ளிக் குழுக்களோடு இரவிகுளம் பூங்காவின் ராஜமலைப் பகுதிக்கு எத்தனை முறை போய்வந்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பிள்ளைகள் மாறுகிறார்கள், ஆசிரியர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. வரையாட்டைப் பற்றி ஆளுக்கொரு சந்தேகம் இருக்கும். அதே மலையில் ஒரு சிவப்புத் தவளையும் இருக்கிறது, அதன் நிலைமை வரையாட்டை விட மோசம் என்று சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு சந்தேகம் இரட்டிப்பு. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

வரையாடு என்றால் காட்டில் திரியும் ஆடுதானே?

பெயரில் ஆடு இருக்கிறது. நம் வீட்டு வெள்ளாட்டுக்கு அது அத்தனை நெருங்கிய உறவில்லை. தாடி கிடையாது. கொம்பு பின்னோக்கி வளைந்திருக்கும். வயதான கிடாவின் முதுகில் வெள்ளியைப் பூசியது போல ஒரு திட்டு விழும். தூரத்தில் நிற்கும்போதும் அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். பெரிய கிடா 80 கிலோவுக்கு மேல் எடை போடும். இமயமலையிலும் அரேபியாவிலும் இருக்கும் தார் விலங்குகளோடு சேர்த்துத்தான் இதையும் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்தபோது இது செம்மறி இனத்துக்கே பக்கம் என்று தெரிந்தது. அதனால் நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமாக்கிவிட்டார்கள். அந்தப் பேரினத்தில் இந்த ஒரே இனம்தான்.

‘வரை’ என்றால் மலை. சங்கப் பாடல்களில் வரும் ‘வருடை’ இதுதான் என்பார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரியிலிருந்து தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பக்கத்து மலைகள் வரை உண்டு. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை.

அந்தத் தவளை எது? பெயரே கேள்விப்பட்டதில்லையே!

கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. அதற்கு அறிவியல் பெயர் வைத்தே அதிக காலம் ஆகவில்லை. தவளை ஆய்வாளர் எஸ். டி. பிஜுவும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் விவரித்த இனம் அது. ராவோர்செஸ்டஸ் ரெஸ்ப்ளெண்டன்ஸ் என்பது பெயர். முதல் பாதி, இந்தியத் தவளைகளை ஆராய்ந்த சி. ஆர். நாராயண ராவின் நினைவாக வந்தது. தமிழில் நிலைத்த பெயர் இன்னும் இல்லை. நான் ஆனைமுடிப் புதர்த்தவளை என்று சொல்லிவருகிறேன்.

இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். ஐந்து ரூபாய் நாணயத்தில் உட்கார வைக்கலாம். உடம்பு செங்கல்லும் ஆரஞ்சும் கலந்த சிவப்பு. முதுகிலும் பக்கங்களிலும் சுரப்பிகள் புடைத்துக்கொண்டு இருக்கும். கால்கள் குட்டை. தவளை என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் பாய்ச்சல் இதனிடம் இல்லை. புல்தூர்களுக்கு அடியில் மெல்ல நகரும். இதன் நெருங்கிய உறவினர்கள் பெரும்பாலும் இலையிலும் கிளையிலும் ஏறி உட்காருகிறவை. இது தரைவாசி.

இரண்டும் ஒரே இடத்திலா இருக்கின்றன?

ஆம், ஓர் இடத்தில். அதனால்தான் இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டேன். இடுக்கி மாவட்டத்தில் மூணாறுக்கு அருகே இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஆனைமுடி. உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் இதை விட உயர்ந்த சிகரம் இல்லை. பூங்காவின் புல்வெளிகளில் வரையாடு மேய்கிறது. சிகரத்தை ஒட்டிய புல்லுக்கடியில் தவளை இருக்கிறது.

வித்தியாசம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. வரையாட்டுக்கு இரவிகுளம் பல வீடுகளில் பெரிய வீடு. வால்பாறைக்கு மேலுள்ள புல்மலை, நீலகிரியின் முக்குருத்தி, மேகமலை, அகத்தியமலை என்று வேறு வீடுகளும் உண்டு. தவளைக்கு இருப்பது ஒன்றுதான். 2010இல் அறிவித்தபோது அதன் இடம் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்றார்கள். பிறகு பூங்காவுக்குள் வேறு சில இடங்களிலும் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்த உயர்மலைப் பகுதியைத் தாண்டவில்லை.

ஆட்டையும் தவளையையும் எதற்காக ஒப்பிட வேண்டும்? மாம்பழத்தையும் மண்வெட்டியையும் ஒப்பிடுவது போல இருக்கிறதே!

ஒரு தமிழாசிரியர் கேட்டது இது. அவர் சொன்ன உவமையை மாற்ற மனம் வரவில்லை.

இரண்டையும் அருகருகே வைத்தால், ‘ஆபத்தில் இருக்கும் உயிர்’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது உண்மையில் இரு வேறு நோய்கள் என்பது புரியும். வரையாடு வெப்ப ரத்தப் பிராணி. குளிர் கூடினால் உரோமம் இருக்கிறது. மேய்ச்சல் குறைந்தால் அடுத்த சரிவுக்கு நடந்துவிடும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் பாறை விளிம்பில் போய் நின்றுகொள்ளும். அதன் பலமே இடம் மாறுவதில்தான் இருக்கிறது. தவளைக்குத் தோல்தான் எல்லாமே: அதன் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது, மூச்சிலும் ஒரு பங்கு அதன் வழியாகத்தான். தோல் காய்ந்தால் கதை முடிந்தது. அதனால் அது ஈரத்தை விட்டு நகராது. ஒன்றுக்கு வழி அடைபட்டால் ஆபத்து. மற்றதற்கு, இருக்கும் இடத்தில் காற்றும் மண்ணும் மாறினாலே ஆபத்து.

சரி, வரையாடு எத்தனை? தவளை எத்தனை?

2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தன. மொத்தம் 2,668. தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. இதில் இரவிகுளத்தில் மட்டும் 841. ஒரே பூங்காவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதைக் கவனியுங்கள். அதைப் பலமாகவும் பார்க்கலாம், பயமாகவும் பார்க்கலாம். இ. ஆர். சி. டேவிதார் 1975இல் இவற்றை ஆராய்ந்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7 வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது.

தவளையை இப்படி எண்ண முடியாது. வரையாடு பட்டப்பகலில் திறந்த வெளியில் நிற்கும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒத்துப்பார்க்கலாம். தவளையை மழைக்கால இரவில், கொட்டும் சாரலில், சத்தத்தை வைத்துத் தேட வேண்டும். சத்தமிடுவதும் ஆண்கள் மட்டுமே. ஆகவே எத்தனை தலை என்பதை விட எத்தனை புதரில் இருக்கிறது என்று கேட்பதுதான் அதன் விஷயத்தில் பொருத்தமான கேள்வி.

தவளை சின்னது, கொஞ்ச இடத்திலேயே நிறைய இருக்கலாம். பிறகு ஏன் அதற்கு ஆபத்து அதிகம் என்கிறீர்கள்?

இதுவரை கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்டது எட்டாம் வகுப்பு மாணவி.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தலைகளை மட்டும் எண்ணி முடிவு செய்வதில்லை. பரப்பும் ஒரு அளவுகோல். ஓர் இனம் பரவியிருக்கும் எல்லை 100 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்கி, அந்த இடமும் சீர்கெட்டு வருகிறது என்றால் அது மிக மோசமான அபாயப் பிரிவுக்குப் போகலாம். 5,000 சதுர கிலோமீட்டருக்குள் என்றால் அதற்கு ஒரு படி கீழே. வரையாடு அந்தக் கீழ்ப்படியான ‘அருகிவரும் இனம்’ என்பதில் இருக்கிறது. தவளை ‘மிகவும் அருகிவிட்ட இனம்’ என்ற மேல்படியில் வைக்கப்பட்டது.

கூடை உவமை சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. ஐம்பது முட்டையைப் பத்துக் கூடையில் வைத்திருக்கிறவர் ஒருவர். ஐந்நூறு முட்டையை ஒரே கூடையில் வைத்துத் தலையில் சுமக்கிறவர் இன்னொருவர். இரண்டாவது ஆள் தடுக்கி விழாதவரை பணக்காரர்தான். ஒரு கோடைத் தீ, ஒரு வறண்ட பருவம், ஒரு புது நோய் என எது வந்தாலும் அந்த ஒரு கூடையின் மேல்தான் விழும். வரையாட்டின் பல கூடைகளிலும் முட்டை குறைவுதான், அதை மறுக்கவில்லை. சில மலைகளில் மந்தை மிகச் சிறியது. அங்கே உறவுக்குள்ளேயே கலந்து பெருகும் சிக்கல் வரும்.

அத்தனை உயரத்தில் குளமே இல்லையே, தவளை எங்கே முட்டையிடும்? தலைப்பிரட்டை எங்கே நீந்தும்?

நீந்தாது. இந்தப் புதர்த்தவளைக் கூட்டத்தில் தண்ணீரில் வாழும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமான புல், குட்டை மூங்கில் புதர் போன்ற இடங்களில் முட்டையிடும். முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுவதும் முடிந்து, அரிசி அளவுக்கு ஒரு முழுத் தவளைக்குட்டி வெளியே வரும்.

குளம் வேண்டாம் என்பது பெரிய வசதி. அதனால்தான் மலை உச்சி வரை அவற்றால் ஏற முடிந்தது. அதற்கு விலையும் உண்டு. முட்டையைச் சுற்றியுள்ள ஈரம் வாரக்கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். பருவமழைக்கு நடுவே நீண்ட வெயில் இடைவெளி விழுந்தால் குளத்து முட்டையாவது தப்பிக்கும், இது தப்பிக்காது. வரையாட்டின் கணக்கு வேறு. மழைக்காலத்தில் இணை சேர்ந்து, ஆறு மாதம் சுமந்து, ஜனவரி, பிப்ரவரியில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடும். அந்தக் குட்டிக்காகத்தான் பூங்காவை அந்த நேரத்தில் இரண்டு மாதம்போல மூடிவைக்கிறார்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்று கோபப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இவ்வளவு புல்வெளி சும்மா கிடக்கிறதே, மரம் நட்டால் நல்லதுதானே?

நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அது சும்மா கிடக்கவில்லை. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு. மழையை வாங்கி வைத்து ஓடைக்கு மெல்ல விடுவது அந்தப் புல்லும் அதன் கீழுள்ள கறுப்பு மண்ணும்தான்.

மரம் நட்டதன் விளைவைப் பார்க்க வேண்டுமானால் பழனி மலைக்குப் போங்கள். 1973க்கும் 2014க்கும் இடையில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ், பைன் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சீகையை வெட்டினாலும் விடாது. மண்ணில் பல ஆண்டுகள் கிடந்த விதை, வெளிச்சம் பட்டதும் மொத்தமாக முளைத்து நிற்கும். வரையாட்டுக்கு அது மேய்ச்சலும் இல்லை, எதிரியைத் தூரத்திலேயே பார்க்கும் வெட்டவெளியும் இல்லை. தவளைக்கு நிழல் கிடைக்குமே என்பார்கள். அது கேட்பது நிழலை அல்ல, புல்தூரின் அடியில் தேங்கும் ஈரத்தை.

வேட்டையாடித்தானே வரையாடு குறைந்தது? தவளையை யார் வேட்டையாடப் போகிறார்கள்?

வரையாட்டைப் பொறுத்தவரை பாதி சரி. வெள்ளைக்காரத் துரைமார்களின் துப்பாக்கி நீலகிரி மந்தைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறைத்துவிட்டது. 1879இல் நீலகிரிக்கென்று வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவரும் நிலை வந்தது. மூணாறுப் பக்கம் தோட்டத் துரைமார்களே வேட்டைக்காக மலையைக் காத்தார்கள். அந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள் காவலுக்கு நின்றார்கள். சுடுவதற்காகக் காத்த இடம் இன்று பூங்காவாக இருக்கிறது. வேட்டை இப்போது பெருமளவு அடங்கிவிட்டது. அது விட்ட வேலையைத் தோட்டமும் அணையும் சாலையும் செய்கின்றன.

இந்தத் தவளையை யாரும் தின்பதில்லை. வயல்தவளைகளுக்குத்தான் அந்தக் கதி நேர்ந்தது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடைசெய்தது.

சிவப்பாக இருக்கிறதே, விஷமா? கையில் எடுத்துப் பார்க்கலாமா?

கடிக்காது, கொட்டாது. ஆனால் எடுக்கக் கூடாது. காரணம் நம் பாதுகாப்பு அல்ல, அதன் பாதுகாப்பு. முன்னே சொன்ன தோலை நினைத்துப் பாருங்கள். நம் கையில் உப்பு இருக்கிறது, சோப்பு இருக்கிறது, அட்டைக்குப் பூசிய மருந்து இருக்கிறது. அத்தனையையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த விதி எந்தத் தவளைக்கும் பொருந்தும்.

வரையாட்டுக்கும் இதேதான். ராஜமலைச் சாலையில் அது பஸ்ஸுக்கு வழிவிடாமல் நிற்கும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பாறையை நக்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரு பையன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்த சத்தத்துக்கு மூன்று தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. பழகிவிட்டது என்று பொருள். பழகியதை நாம் கெடுக்கக் கூடாது.

வரையாட்டைக் காப்பாற்றினால் தவளையும் தானாகப் பிழைத்துக்கொள்ளாதா?

பெரும்பாலும் ஆம். இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது வரையாட்டை முன்னிட்டுத்தான். தவளை இருப்பதே அறிவியலுக்குத் தெரியாத காலம் அது. வரையாட்டின் தயவில் அது 30 ஆண்டுகளுக்கு மேல் இலவசமாகக் குடியிருந்திருக்கிறது.

‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்குக் காரணம் தீ. இரவிகுளத்தில் புல்வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஈரம் இருக்கும்போதே கட்டுப்படுத்தி எரிக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. முற்றிய புல் போய் இளம்புல் வரும், வரையாடு விரும்பி மேயும். கோடையில் பெருந்தீ பிடிக்காமலும் இருக்கும். ஆட்டுக்கு இது நூற்றுக்கு நூறு நல்ல காரியம். எரியும் புல்தூருக்கு அடியில் குட்டைக்காலோடு ஒன்று உட்கார்ந்திருந்தால்? அதனால் ஓட முடியாது. எரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெருந்தீ வந்தால் இரண்டுக்கும் நாசம்தான். எந்தத் துண்டை எரிப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் வரைபடத்தில் தவளைப் புதர்களும் குறிக்கப்பட வேண்டும் என்கிறேன். மேய்ச்சல் நிலம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

வெயில் கூடிக்கொண்டே போனால் எது முதலில் அடிபடும்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிரும். அப்படியானால் ஒரு டிகிரி கூடினால், பழைய குளிரைத் தேடி 150 மீட்டர் மேலே போக வேண்டும். ஆனைமுடி உச்சியில் இருக்கும் உயிர் 150 மீட்டர் மேலே எங்கே போகும்? அங்கே ஆகாயம்தான். உச்சிவாசிக்கு மாற்றிடம் இல்லை.

வரையாட்டுக்கும் சிக்கல் உண்டு. 2018இல் வந்த ஓர் ஆய்வு, மோசமான நிலையில் அதன் வாழிடத்தில் சுமார் 60 சதவீதம் வரை தகுதி இழக்கலாம் என்று கணித்தது. ஆனால் அது தாழ்ந்த உயரங்களிலும் பாறைச்சரிவு இருந்தால் வாழ்ந்த விலங்கு. கொஞ்சம் நெளிவு சுளிவு தெரிந்தது. உலக அளவிலும் இதே படம்தான். 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி நீர்நில வாழ்வன இனங்களில் 41 சதவீதம் அபாயத்தில் இருக்கின்றன. பாலூட்டிகளில் இது சுமார் கால்பங்கு. 2004க்குப் பிறகு நிலைமை மோசமான நீர்நில வாழ்வனவற்றில் 39 சதவீதத்துக்குப் பருவநிலை மாற்றமே முதன்மைக் காரணம் என்றார்கள்.

தவளைகளைக் கொல்லும் ஏதோ பூஞ்சை இருக்கிறதாமே?

இருக்கிறது. கைட்ரிட் என்பார்கள். தோலைத் தாக்கும். மத்திய அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இனம் இனமாக அழித்தது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் அதைக் கண்டறிந்திருக்கிறார்கள். அங்கே நடந்தது போன்ற கூட்டச்சாவு இங்கே பதிவாகவில்லை. மலைக்கு மலை போகிறவர்கள் காலணிச் சேற்றைக் கழுவிக் காயவைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஐந்து நிமிட வேலை.

வேறு மலையில் கொண்டுபோய் விட்டால் என்ன?

வரையாட்டுக்கு அது நடக்கக்கூடிய யோசனை. தமிழ்நாடு அரசின் வரையாடு திட்டம், 25.14 கோடி ரூபாயில் தொடங்கப்பட்டது. முன்பு வாழ்ந்து மறைந்த இடங்களில் மீண்டும் குடியேற்றுவது அதில் ஒரு பகுதி. நீலகிரியின் மேல்பவானியில் புல்வெளியைச் சீரமைப்பது, ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்வது ஆகியவையும் உண்டு. முதலில் வீடு, பிறகு குடித்தனம் என்ற வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது.

தவளையை அப்படிப் பெயர்க்க முடியாது. ஒவ்வொரு மலைத்தொகுதியிலும் அந்தந்த மலைக்கே உரிய புதர்த்தவளைகள் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னொன்றைக் கொண்டுவந்து விட்டால் அவற்றின் இடத்தில் கை வைத்ததாகும், நோயும் கூடவே போகலாம். தவளையைப் பொறுத்தவரை காக்க வேண்டியது அந்த உச்சியைத்தான்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எதைக் காப்பாற்றுவீர்கள்?

பட்டிமன்றத் தலைப்பு. நான் நழுவ மாட்டேன்: வரையாட்டின் பெயரில் பணத்தை வாங்குவேன். தவளைப் படத்தைக் காட்டிக் கோடிகள் திரட்ட முடியாது என்பது நடைமுறை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை மழைக்கால இரவுகளில் சத்தம் கேட்டுக் கணக்கெடுப்பவர்களுக்கும், தீ வரைபடத்தைத் திருத்துபவர்களுக்கும் கொடுப்பேன். ஆட்டுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது சில்லறை.

அந்தத் தவளையை நாங்கள் பார்க்க முடியுமா?

முடியாது. சுற்றுலாப் பயணிகள் போகக்கூடியது ராஜமலை வரை. சிகரத்துக்கு அனுமதி இல்லை. நானே படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆனால் அதன் சொந்தக்காரர்களைக் கேட்கலாம். ஜூன், ஜூலையில் மூணாறில் தங்கினால் இருட்டிய பிறகு விடுதியின் விளக்கை அணைத்துவிட்டு வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து, யாரோ நாக்கை அண்ணத்தில் தட்டுவது போல டிக், டிக் என்று வரும். டார்ச்சோடு நெருங்கினால் நின்றுவிடும். விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் இருந்தால், முதலில் தூரத்தில் ஒன்று, பிறகு காலடியில் ஒன்று.